ஒரு ஆம்ப், ஆயிரம் வோல்ட்... மூணாவது எண் எங்கே?

"ரெண்டுமே ஒரு ஆம்ப், ஆயிரம் வோல்ட் தானே சார்? எதைப் போட்டா என்ன?"

எஸ்.எம்.பி.எஸ் அவுட்புட்ல இருந்த யூஎஃப்4007 டயோடைக் கழட்டிட்டு 1என்4007-ஐ வைக்கிற அத்தனை பேரும் சொல்ற வசனம் இது. கேட்டாலே பத்திக்கிட்டு வருது. கடைக்காரர் சொன்னா வியாபாரம்னு விடலாம். எலக்ட்ரானிக்ஸ் எழுதுற நம்ம மக்களுமா ரெண்டையும் "ஈக்வலன்ட்"னு எழுதணும்?

அந்த ரெண்டு எண்ணும் சரிதான். மூணாவது எண் எங்கேய்யா? கடத்திக்கிட்டு இருக்குற டயோடுக்கு வோல்டேஜ் திடீர்னு திரும்பினா அது உடனே மூடிக்காது. உள்ளே தேங்கின சார்ஜ் வெளியேறுற வரைக்கும் தலைகீழாவும் கடத்தும். அதுதான் ரிவர்ஸ் ரெகவரி டைம். யூஎஃப்4007-க்கு 75 நானோ செகண்ட். எஃப்ஆர்107-க்கு 500. 1என்4007-க்கு பல டேட்டாஷீட்டில் அந்த வரியே கிடையாது. அளந்தா மைக்ரோ செகண்ட் கணக்கில் வரும்.

கரண்ட் வர்ற பக்கம், 50 ஹெர்ட்ஸில், அரைச் சுற்று 10 மில்லி செகண்ட். அங்கே இது பெருங்கடலில் கரைச்ச பெருங்காயம். பிரிட்ஜில் 1என்4007 தாராளமா போடுங்க, யார் வேண்டாம்னா? ஆனா 100 கிலோ ஹெர்ட்ஸில் முழுச் சுற்றே 10 மைக்ரோ செகண்ட். மூட வேண்டிய நேரத்துல கதவு திறந்தே கிடந்தா டயோடு கொதிக்கும், அந்தப் பக்கம் மாஸ்ஃபெட்டும் தண்டச்சுமை சுமக்கும்.

"போட்டேன், ஓடுச்சே?" ஓடும் சார். மேஜை மேல, லோடு இல்லாம, பத்து நிமிஷம். வீட்டுக்குப் போனப்புறம் டயோடு ஷார்ட் ஆகி, சப்ளை "டிக் டிக்"னு அடிச்சுக்கும். அடுத்த வசனம் ரெடி: "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க." சில ரூபாய் டயோடில் முடிய வேண்டிய வேலைக்கு ஒரு குடும்பம் செட்டாப் பாக்ஸையே மாத்தும். ரிப்பேர் பண்றவன் எல்லாம் ஏமாத்துறவன்னு பேரும் வாங்கும் நம்ம தொழில்.

எதிர்க்கோஷ்டி ஒண்ணு இருக்கு: "வேகம்தானே வேணும்? ஷாட்கி போடு!" 12 வோல்ட் ஃப்ளைபேக், சுற்று விகிதம் 10:1. 230 வோல்ட் ஏசி, டிசியில் சுமார் 325. பத்தால வகுத்து 12-ஐக் கூட்டினா 44.5 வோல்ட் தலைகீழா விழும், ஸ்பைக் தனி. இங்கே 40 வோல்ட் 1என்5822 போட்டா பட்டாசுதான். 100 வோல்ட் ஷாட்கி எடுங்க.

"பிரைமரி கிளாம்பில் மெதுவான டயோடு பார்த்திருக்கேனே"ன்னு ஒருத்தர் கிளம்புவார். ஆமா, சில டிசைனருங்க ரெசிஸ்டர் சேர்த்து, தெரிஞ்சே போடுவாங்க. அது கணக்குப் போட்டு வச்சது. நீங்க வைக்கிறது கைக்குக் கிடைச்சது.

ஆம்ப், வோல்ட், ரெகவரி டைம். மூணையும் கேட்டு வாங்குங்க. சண்டைக்கு வர்றவங்க டேட்டாஷீட்டோட வாங்க :-)