தூண்டிலை நம்பி வைத்த கெடு

1977 பிப்ரவரியில், மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ தம் அதிகாரிகளுக்கு ஒரு கெடு விதித்தார். பத்தே ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மக்கள் தூண்டில் போட்டு மீன் பிடிக்க வேண்டும் என்றார். கேட்டவர்களில் பலர் உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சமே நீளமுள்ள சிங்கப்பூர் ஆற்றில் அன்று மலமும் எண்ணெயும் பன்றிக் கழிவும் சந்தைக் குப்பையும்தான் மிதந்தன. ஆனால் இலக்கு அப்படி வைக்கப்பட்டதுதான் அந்தத் திட்டத்தின் பாதி வெற்றி என்பேன். 'நீரின் தரத்தை மேம்படுத்துவோம்' என்று அவர் சொல்லியிருந்தால், பத்தாவது ஆண்டில் ஓர் அழகான அறிக்கை வந்திருக்கும். ஆறு அப்படியே கிடந்திருக்கும்.

பரிசோதனைக்கு எடுக்கும் நீர் ஒரு குப்பிக்குள், ஒரு நாளின் ஒரு வேளைக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் மட்டும் பட்டறைக்காரர் குழாயை மூடி வைத்தால் அளவுகள் தேறிவிடும். மீனிடம் அந்தச் செப்படி வித்தை செல்லாது. கழிவைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைக் காலி செய்தால், ஒரே இரவில் மீன் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஆகவே மீன் வேண்டுமென்றால் கழிவு வருஷம் முழுக்க நிற்க வேண்டும். அது நிற்க, கரையேறிப் போய் அது கிளம்பும் இடத்தைப் பிடிக்க வேண்டும். சிங்கப்பூர் செய்தது அதைத்தான். சாக்கடை இணைப்பு இல்லாத குடிசைகளில் இருந்த சுமார் 26,000 குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. தெருவில் கடை போட்டு எச்சில் நீரை வாய்க்காலில் ஊற்றிக்கொண்டிருந்த ஏறக்குறைய 5,000 அங்காடிக்காரர்களுக்கு, குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் உள்ள உணவங்காடி நிலையங்களில் இடம் கிடைத்தது. 1983இல் சுமார் 800 சரக்குப் படகுகள் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங் கடலோரத்துக்குப் போயின. ஆற்றின் அடியில் படிந்திருந்த சேற்றை வாரியது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். நம்மவர்கள் ஆற்றைச் சுத்தம் செய்யக் கிளம்பினால் முதலில் தூர்வாரும் இயந்திரத்தோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அங்கே அந்த இயந்திரம் கடைசியில் வந்தது.

இதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அங்காடிக்காரருக்குக் கூரையாவது கிடைத்தது. படகுக்காரரின் தொழிலோ ஆற்றைவிட்டே போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்கள் நிறையப் பேர். பிறகு அது சீனர் கைக்கு மாறியது. அத்தனை தலைமுறைப் பிழைப்பு சில ஆண்டுகளில் முடிந்தது. தூய்மைப் பணிக்கான செலவை 17 கோடி சிங்கப்பூர் வெள்ளி என்பார்கள். மறுகுடியேற்ற இழப்பீடு அதில் சேராது. பிழைப்பு இழந்தவர் மனக்கணக்கு எதிலுமே சேராது. எனினும், அந்தப் பண்ணைகளையும் தெருக்கடைகளையும் அப்படியே விட்டிருந்தாலும் யாரோ விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். நாற்றத்தின் ஓரத்தில் குடியிருந்த ஏழைகள் அதை அதுவரை தினமும் கொடுத்து வந்தார்கள்.

'கண்டிப்பான ஆட்சி, சின்னத் தீவு. மற்ற இடத்தில் நடக்குமா?' என்பது அடுத்த ஆட்சேபம். லண்டனில் நடந்தது. 1957இல் தேம்ஸின் நகரப் பகுதியில் விலாங்கைத் தவிர மீனே இல்லை என்ற நிலை. தேர்தல், நாடாளுமன்றம், வாய் ஓயாத பத்திரிகைகள் எல்லாம் உள்ள நாட்டில், பெக்டன், கிராஸ்னஸ் என்ற இரண்டு பெரும் கழிவுநீர் நிலையங்களைத் திருத்தி விரிவாக்கியதும் மீன்கள் மேலேறி வந்தன. 1974இல் வெஸ்ட் தர்ராக் அனல்மின் நிலையத்தின் நீர்வலையில் ஒரு சால்மன் சிக்கியது. நூறு ஆண்டுக்கும் மேலாக அங்கே காணாத மீன். ஆக, சர்வாதிகாரம் தேவையில்லை, சாக்கடைக்குக் காசு தேவை. ஆனால் அதே தேம்ஸ் இன்னொன்றையும் காட்டியது. 1979 முதல் சால்மன் குஞ்சுகளை விட்டுப் பார்த்தும் அந்த மீன் அங்கே தானாகப் பெருகவில்லை. மழை பெய்தால் பழைய சாக்கடைகள் நிரம்பி ஆற்றில் வழிவதும் நிற்கவில்லை. அதைத் தடுக்க 25 கிலோமீட்டர் சுரங்கம் கட்டி, அதை முழுமையாக இணைத்து முடித்தது 2025இல்தான்.

மீன் ஒரு நம்பகமான அளவுகோலா என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜிலேபி மீனும் கெளுத்தியும் சாக்கடையிலும் பிழைக்கும்; அவற்றைக் காட்டி ஆறு தேறிவிட்டது என்று சொன்னால் ஏமாற்று. சிங்கப்பூரிலும் கதை நேர்கோடாகப் போகவில்லை. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டு, கடலின் ஏற்றவற்றம் தடுக்கப்பட்டு, கழிமுகம் நன்னீர்த் தேக்கமாயிற்று. உவர்நீர் மீன்களின் இடத்தில் இன்று தென் அமெரிக்காவிலிருந்து வந்த பீக்காக் பாஸ் மீனைத் தேடித் தூண்டிலோடு நிற்கிறார்கள், அதுவும் அனுமதித்த இடங்களில், செயற்கை இரையோடு மட்டும். பழைய ஆறு திரும்பி வந்தது என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் மீனைத் தின்று வாழும் நீர்நாய்க் குடும்பங்கள் காலாங்கிலும் மரினாவிலும் குட்டி போட்டு வளர்க்கின்றன. இரைக்கு வழியில்லாத நீரில் அவை தங்கா.

எனவே உங்கள் ஊர் ஆற்றுக்கு அடுத்த சீரமைப்புத் திட்டம் அறிவிக்கப்படும்போது, ஒதுக்கிய கோடிகளை ஓரமாக வையுங்கள். எந்த ஆண்டில், எந்தப் பாலத்தடியில், எந்த மீனைப் பிடிக்கலாம் என்று எழுத்தில் கேளுங்கள்.