சாவிக்கொத்தின் கனம்

சென்ற மாதம் தில்லி ரிங் ரோட்டில், மேம்பாலத்தின் இறக்கத்தில் என் பழைய கார் அணைந்துவிட்டது. ஒரு பள்ளம், ஒரு குலுக்கல், அவ்வளவுதான். பதற்றத்தில் கிளட்சை மிதித்தேன். எஞ்சின் அடியோடு நின்றது. பின்னால் பஸ். இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கைகொடுக்கும் வெற்றிடமும் தீர்ந்துபோகும் என்பது பிறகுதான் தெரிந்தது. எப்படியோ ஓரம் கட்டிச் சாவியை அசைத்தேன். உயிர் வந்தது.

முன்னறிவிப்பு இல்லாமல் இல்லை. பல வாரங்களாகவே சாவியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, இடப்பக்கம் சாய்த்துத் திருப்பினால்தான் வண்டி கிளம்பும். வீட்டில் வேறு யாருக்கும் அந்த வித்தை வராது என்பதில் எனக்குச் சற்றுப் பெருமைகூட. வைத்தியமாகப் பூட்டில் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தேன்.

காஷ்மீரி கேட் மிஸ்திரி எண்ணெயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அது தூசியைப் பிடித்து வைக்குமாம். போடுவதென்றால் பென்சில் கரித்தூள்தான். எஞ்சின் ஓடும்போதே சாவியை உருவிக் கையில் கொடுத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. பூட்டுக்குள் இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகளைச் சாவியின் பற்கள் ஒரே வரிசைக்குத் தூக்க வேண்டும். இரண்டுமே தேய்ந்துவிட்டன. பின்னாலிருக்கும் மின் ஸ்விட்சின் முனைகளும் கருகியிருந்தன.

"கொத்தைக் காட்டுங்க, சாப்."

வீட்டுச் சாவி இரண்டு, பீரோ, ஆபீஸ் மேஜை, தபால் பெட்டி, ஒரு பித்தளைப் பிள்ளையார். கையில் எடை பார்த்தவர், "இது பூட்டுல தொங்கிக்கிட்டே ஆடினா?" என்றார்.

2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்த செய்தியை மொழிபெயர்த்தவன் நான். ஸ்விட்சின் பிடிமானம் போதாமல், கனமான சாவிக்கொத்தாலோ குலுக்கலாலோ சாவி தானே நழுவும்; எஞ்சின் நிற்கும், ஏர்பேக் விரியாது. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 'முறுக்குவிசை' என்று எழுதிவிட்டுத் திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். சட்டைப்பையில் இதே கொத்து.

பூட்டையும் ஸ்விட்சையும் சேர்த்தே மாற்றினோம். தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் வெட்டினால் தேய்மானமும் நகலாகும் என்றார் மிஸ்திரி. இப்போது கதவுக்கு ஒரு சாவி, வண்டிக்கு ஒன்று. வண்டிச் சாவி தனியாக, ஒரு நூலில். பிள்ளையார் டாஷ்போர்டுக்குக் குடிபோய்விட்டார்.