இருட்டு வீட்டுக்கும் ஒரு நட்சத்திரம்

டிசம்பர் பிறந்து விட்டால் பூந்தமல்லித் தெருக்களை இரவில் பார்க்க வேண்டும். கிறிஸ்தவர் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை. உள்ளே பல்பு எரியும். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த வரிசையில் ஒரு வீடு மட்டும் இருட்டாக இருக்கும்.

"அந்த அம்மாவின் வீட்டுக்காரர் ஆடி மாதம் தவறி விட்டார். இந்த வருஷம் அவர்களுக்குப் பண்டிகை இல்லை" என்று அக்கம்பக்கத்தார் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

சாவு நடந்த வீட்டில் ஓர் ஆண்டுக்குப் பண்டிகை கிடையாது. இது தமிழ்நாட்டுப் பழக்கம். மத வேற்றுமை இல்லாமல் பலரும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். சாவு மட்டும் அல்ல. வேலை போன வீடு, ஆஸ்பத்திரிக்கு அலைந்து ஓய்ந்த வீடு, கடனில் மாட்டிய வீடு, இவையும் "நமக்கு எதற்கு இந்த வருஷம் பண்டிகை?" என்று ஒதுங்கிக் கொள்கின்றன.

மற்றப் பண்டிகைகளைப் பற்றி அவரவர் முடிவு செய்யட்டும். கிறிஸ்துமசைப் பொறுத்தவரை இது தலைகீழான காரியம்.

பெத்லகேமில் இருந்தவர்கள்

முதல் கிறிஸ்துமஸ் இரவில் சந்தோஷமாக, சவுக்கியமாக இருந்தவர் யார்? ஒருவரும் இல்லை.

குடிக்கணக்கு எழுத வேண்டும் என்று ரோமாபுரிச் சக்கரவர்த்தி கட்டளை போட்டார். நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளை அழைத்துக்கொண்டு சூசை நாசரேத்தில் இருந்து புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. சத்திரத்தில் இடம் இல்லை. பிறந்த குழந்தையைக் கிடத்த மாட்டுத் தீவனத் தொட்டிதான் கிடைத்தது. செய்தி முதலில் அரண்மனைக்குப் போகவில்லை. ராத்திரி கண் விழித்து ஆடு காத்தவர்களுக்குப் போயிற்று. இந்தக் காலத்துப் பேச்சில் சொன்னால், நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு!

நட்சத்திரம் வந்து நின்றதும் அந்தக் குடும்பம் இருந்த இடத்துக்கு மேலேதான். சில நாளில் அதே குடும்பம் உயிருக்குப் பயந்து எகிப்துக்கு ஓடியது என்று வேதம் சொல்கிறது.

களைத்தவனைத் தேடிக் கடவுள் வருகிறார் என்பது பூந்தமல்லிக்குப் புதிய சங்கதி அல்ல. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே பிறந்தவர் திருக்கச்சி நம்பி. ராமானுஜர் குருவாகப் போற்றியவர். இங்கே பூப்பறித்து, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டு போய்ச் சாத்தியவர். தள்ளாத வயதில் நம்பியால் நடக்க முடியவில்லை. அப்போது பெருமாளே பூந்தமல்லிக்கு வந்து காட்சி கொடுத்தார் என்பது இந்த ஊர்க் கோவிலின் தல வரலாறு. "நடக்க முடியாதவனுக்கு என்ன தரிசனம்?" என்று பெருமாள் கேட்கவில்லை.

2015 டிசம்பர்

பூந்தமல்லியை அடுத்துள்ளது செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பர் 1-ந் தேதி பெய்த பேய்மழையை யாரால் மறக்க முடியும்? அந்த ஒரு நாளில் செம்பரம்பாக்கத்தில் சுமார் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் வெளியேறியது. அடையாறு கரை புரண்டது. ஆற்றோரத்து ஊர்களில் வீட்டுக்குள் ஆள் உயரத் தண்ணீர். கரண்ட் இல்லை. போன் இல்லை. சம்பாதித்து வாங்கிய கட்டில், பீரோ, பிள்ளைகளின் பாடப் புத்தகம் எல்லாம் சேறு.

கிறிஸ்துமசுக்கு 4 வாரம் கூட முழுசாக இல்லை என்று சொல்லும்படியான நிலைமை. பல தேவாலயங்கள் அந்த ஆண்டு ஆடம்பரத்தைக் குறைத்தன. விருந்துக்கு எடுத்து வைத்த பணம் அரிசியாகவும் பாயாகவும் மாறியது. ஆனால் கிறிஸ்துமஸ் ஆராதனை நிற்கவில்லை. சுவரில் வெள்ளக் கறையோடு இருந்த வீடுகளில் இருந்துதான் ஜனங்கள் கோவிலுக்குப் போனார்கள்.

அந்த வெள்ளத்தில் படகு கொண்டு வந்து ஆட்களை மீட்டவர்கள் யார்? சென்னைக் கடற்கரைக் குப்பங்களின் மீனவர்களும்தான். 2004-ல் சுனாமி அடித்த அதே கடற்கரை! அன்று டிசம்பர் 26. கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பேர் மாண்டார்கள். அலை வாரிக்கொண்டு போன கடற்கரையில் இருந்தே, 11 ஆண்டு கழித்து, நகரத்துக்காரனைக் காப்பாற்றப் படகு வந்தது. நம்பிக்கை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

மனம் வரவில்லையே!

"மனமே இல்லாதபோது எப்படிக் கொண்டாடுவது?" என்று துக்கப்பட்டவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களைப் புதுப்புடவை கட்டு, கேக் வெட்டு என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. கையில் இல்லாதவன் கடன் வாங்கித் துணி எடுப்பதும் வேண்டாத வேலை. ஜனவரி பிறந்ததும் வட்டிக்காரன் வாசலில் நிற்பான்.

கொண்டாட்டம் வேறு, நட்சத்திரம் வேறு. உலகம் முழுவதும் பாடுகிற 'சைலன்ட் நைட்' பாட்டை எழுதியவர் ஜோசப் மோர் என்ற இளம் பாதிரியார். எழுதிய ஆண்டு 1816. நெப்போலியன் சண்டைகளால் ஐரோப்பா சின்னாபின்னமாகி இருந்தது. அந்த ஆண்டு அங்கே கோடைகாலமே வரவில்லை. பயிர் பாழானது. பஞ்சம். 2 ஆண்டு கழித்து, 1818 டிசம்பர் 24-ந் தேதி ஆஸ்திரியாவில் ஓபன்டார்ப் என்ற சிற்றூர்க் கோவிலில் அதை முதல் முதலாகப் பாடினார்கள். இரண்டு பேர் பாட்டு. பக்கவாத்தியம் ஒரு கிட்டார். அவ்வளவுதான் ஏற்பாடு!

துக்க வீட்டுக்காரர்கள் தாங்களாக ஏணி வைத்து நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். கட்ட வேண்டியவர்கள் பக்கத்து வீட்டார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று நாமே சோறு வடித்துக் கொண்டு போகிறோம் அல்லவா? "உங்களுக்குச் சாப்பாடு வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டா போகிறோம்? அதே வழக்கத்தை டிசம்பருக்கும் வைத்துக்கொள்ளலாம். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தெருப் பிள்ளைகள் ஒரு நட்சத்திரத்தைக் கட்டிவிட்டு வரட்டும். அவர் வேண்டாம் என்றால், முறுக்குத் தட்டோடு போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்து விட்டு வரலாம். இறந்து போனவரைப் பற்றிப் பேசலாம். அந்தப் பேச்சைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள்.

வீடு வீடாகப் போகும் பாடகர் கூட்டம் இருட்டு வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. மரியாதைக்காக என்று நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கோ, பாட்டுச் சத்தம் நெருங்கி வந்து, தங்கள் வாசலில் மட்டும் அடங்கி, அடுத்த வாசலில் மறுபடி கேட்கிறது.

இந்த ஆண்டு அந்த வீட்டையும் பட்டியலில் எழுத வேண்டும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்கக் கூடாது. அந்த வீட்டில் சீக்கிரம் விளக்கை அணைத்து விடுவார்கள்.