தகர டின்னை வீசுவதற்கு முன்

சென்ற ஆண்டு எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது, எங்கள் வீட்டில் மகிழ்ச்சி ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாள் காலையிலேயே என் பிறப்புப் பத்திரத்தைத் தேட ஆரம்பித்துவிட்டோம். பதிவுக்கு அதன் நகல் வேண்டும். கல்விக் கடன் விண்ணப்பத்துக்கும் வேண்டும். அம்மாவின் சேலைகளுக்கு அடியில் இல்லை. சாமி மேடைக்குப் பின்னால் இல்லை. மெத்தைக்கு அடியில் பழைய தண்ணீர்க் கட்டண ரசீதுகள்தாம் கிடைத்தன. மூன்றாம் நாள் பாட்டி தன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இழுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே பொத்தான்கள், ஊசி நூல், தாத்தாவின் ஊழியர் சேமநிதித் தாள், அதற்கும் கீழே நான்காக மடித்த என் பிறப்புப் பத்திரம்.

அந்த டின், ஒரு வாரத்துக்கு முன் பழைய இரும்பு வாங்க வரும் லோரிக்காக நான் வாசலில் எடுத்து வைத்த ஐந்து டின்களில் ஒன்று. பாட்டி அதை மட்டும் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோயிருக்கிறார். "தொறந்து பாத்தியாய்யா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை.

ஏன் வீசினேன் என்றால், பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை. கைப்பேசியில் அப்படிப்பட்ட காணொளிகளை நிறையப் பார்த்திருந்தேன். ஜப்பானியரான மாரி கொண்டோ 2011-இல் எழுதிய புத்தகமும், 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த அவருடைய தொடரும் உலகம் முழுக்கப் பிரபலம். மனத்துக்கு மகிழ்ச்சி தராத பொருளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள் என்பது அவர் சொல்லும் வழி. நல்ல வழிதான். ஆனால் இன்று வீசிய பொருள் நாளை தேவைப்பட்டால் கடைக்குப் போய் வாங்கிக்கொள்ள முடிகிறவர்களுக்கு அது பொருந்தும். எங்கள் வீட்டில் ஒரு மைலோ டின் காலியானால் அது மிளகாய்த்தூள் டின் ஆகும், பிறகு ஆணி டின் ஆகும், துருப்பிடித்த பின் பூச்செடி வைக்கும் டின் ஆகும். பாட்டி சேர்த்து வைப்பதைக் குப்பை என்று நினைத்தேன். அவருக்கு அது கையிருப்பு.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பண்டார் தெங்காரா, ஜொகூரில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே திட்டமிட்டு உருவாக்கப்பட்ட சிற்றூர். 1972-இல் அமைக்கப்பட்ட கெஜோரா, அதாவது தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம், உருவாக்கிய ஊர்களில் ஒன்று. அப்பா தோட்டத்தில் இருந்தவரை எங்களுக்குத் தோட்ட வீடு இருந்தது. வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது இரண்டு அறைகள் கொண்ட மலிவு விலை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மலிவு விலை வீடு என்றாலும் மூன்று படுக்கையறை இருக்க வேண்டும் என்ற தரநிலை 1998-இல்தான் வந்தது. அதற்கு முன் கட்டியவை பெரும்பாலும் எங்கள் வீடு மாதிரிதான். அப்பா, அம்மா, பாட்டி, தங்கை, தம்பி, நான் என்று ஆறு பேர். அப்பா பாதுகாவலர் வேலைக்குப் போகிறார். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதையொட்டித்தான் எங்கள் கணக்கு எல்லாம்.

இந்தக் கணக்குக்குள் வீட்டை ஒழுங்குபடுத்துவது எப்படி? பெட்டிகள் வாங்குவதிலிருந்து தொடங்கினால் முதல் நாளே கை கடிக்கும். ஒரே அளவு, ஒரே நிறம் என்று நான் பார்த்து வைத்த ஆறு பிளாஸ்டிக் டப்பாக்கள் நாற்பது வெள்ளிக்கு மேல். எனவே நான் வேறு இடத்தில் தொடங்கச் சொல்வேன். எது தொலைந்தால் இந்த வீடு தாங்காது என்று முதலில் கேளுங்கள்.

எங்களுக்கு அதன் முதல் விடை, காகிதங்கள். நம் சமூகத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுபோன பிள்ளைகளின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய 2011-இல் அரசாங்கம் மைடப்தார் என்று தனி இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. அவர்கள் எல்லாருடைய கதையும் காகிதத்தைத் தொலைத்த கதை அல்ல. பதிவே செய்யாமல் விட்டதும் உண்டு. ஆனால் கையில் இருக்கிற காகிதத்தை நாமே தொலைப்பது மன்னிக்க முடியாதது. நான் தொலைக்கப் பார்த்தேன்.

எழுதுபொருள் கடையில் பிளாஸ்டிக் உறைகள் வைத்த கோப்பு ஒன்று வாங்கினோம். எட்டு வெள்ளி. ஆளுக்கு நான்கு உறைகள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல், பள்ளிச் சான்றிதழ்கள், மருத்துவமனை அட்டை; அப்பாவுக்கு மட்டும் சம்பளச் சீட்டும் சேமநிதித் தாளும் கூடுதல். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து, எனக்கு ஒன்றும் தம்பிக்கு ஒன்றுமாக வைத்துக்கொண்டோம். கோப்பு இருப்பது அலமாரியின் உச்சித் தட்டில். அதை முடிவு செய்தது அம்மா. 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமே 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியதை அவர் மறக்கவில்லை. தண்ணீர் வந்தால் முதலில் போவது கட்டிலுக்கு அடியில் இருப்பவைதான்.

இரண்டாவது விடை எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

தங்கை இந்த ஆண்டு ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். எழுதப் போகிறாள். ஒரு வார இறுதியில் நான் ஸ்கூடாயிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தபோது அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டு மணியிலிருந்து ஒன்பதரைக்குள் பதினொரு முறை எழுந்தாள். பாட்டிக்கு வெந்நீர், அப்பாவுக்குத் தேநீர், காய்ந்த துணி, தம்பியின் பள்ளிச் சட்டை, பாத்திரம். வேடிக்கைக்காகத்தான் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று வந்தபோது சிரிப்பு வரவில்லை. நான் எஸ்.டி.பி.எம். எழுதிய ஆண்டு என்னை யாரும் ஒரு முறைகூட எழுப்பியதில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக்கூட அம்மா குறைத்து வைப்பார். அதை நான் என் உழைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி எழுந்து நடப்பதை எண்ணிப் பார்த்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகள் கட்டியபோது, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் மட்டுமே உள்ள சமையலறை ஒன்றை வடிவமைத்தார். இரயிலில் இருக்கும் சமையல் பெட்டிதான் அதற்கு மாதிரி. கையை நீட்டினால் எல்லாம் கிடைக்க வேண்டும், பெண்ணின் நேரம் மிச்சப்பட வேண்டும் என்பது நோக்கம். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அதன் மீது பின்னாளில் வந்த குறையும் நியாயமானது: அந்த இடத்தில் ஒருவர்தான் நிற்க முடியும், நின்றது பெரும்பாலும் பெண்தான். சாமான்களை எவ்வளவு அழகாக அடுக்கினாலும் வேலையைப் பங்கு போடாவிட்டால் நேரம் மிச்சமாகாது.

எங்கள் வீட்டில் படிக்கத் தகுந்த மேசை ஒன்றுதான், சமையலறையில். அதன் மேல் வெங்காயக் கூடை, எண்ணெய் போத்தல், அரிசி வாளி எல்லாம் குடியிருந்தன. கூடையைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டோம். வாளி மேசைக்கு அடியில் போனது. பாட்டியின் மிச்ச நான்கு டின்கள் லோரியில் போய்விட்டதால் பருப்பு வைக்க இடமில்லாமல் ஒரு மாதம் திண்டாடினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது இரவு ஒன்பது மணிக்கு மேசை துடைத்திருக்க வேண்டும். ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை அது தங்கையுடையது. பாத்திரம் கழுவுவது தம்பி. நான் வீட்டில் இருந்தால் நான். அப்பா முதல் வாரம் முணுமுணுத்தார். "எனக்குத் தேத்தண்ணி போடத் தெரியாதா?" என்று இரண்டாவது வாரம் அவரே எழுந்துபோனார். சர்க்கரை எந்த டின்னில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றுதான் டின்களில் பெயர் எழுதி ஒட்டினோம்.

தம்பி வாரத்தில் இரண்டு நாள் ஏமாற்றுகிறான். அந்த நாள்களில் தங்கை பேசாமல் கழுவிவிடுகிறாள் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். இதற்கு எந்தப் பெட்டி வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும்.

இதைப் படிக்கும் நீங்களும் ஒருவேளை விடுதியிலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்புகிறவராக இருக்கலாம். வந்ததும் வீட்டைத் தலைகீழாக்க ஆசை வரும். ஒரு மாலை சும்மா உட்கார்ந்து யார் எத்தனை முறை எழுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று பெரியவர்களிடம் கேளுங்கள். டின் எதையும் திறந்து பார்க்காமல் வாசலில் வைக்காதீர்கள்.

கூடத்தில் அம்மாவின் ஷோகேஸ் இன்னும் இருக்கிறது. கால் பங்கு கூடத்தை அடைத்துக்கொண்டு, ஒருநாளும் யாரும் தண்ணீர் குடிக்காத பன்னிரண்டு கண்ணாடிக் குவளைகளோடு. கல்யாணத்துக்கு வந்தவை. அதை நகர்த்தினால் தங்கைக்கென்று தனி மேசையே போடலாம். அம்மாவிடம் ஒரு முறை ஆரம்பித்தேன். அவர் பேச்சை மாற்றினார். தீபாவளி முடியட்டும் என்று விட்டிருக்கிறேன்.