வாக்குப் பட்டியலும் அரசமைப்பு அளவுகோலும்

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அரசமைப்புக்கு எந்த அளவு உண்மையாக நடந்துகொண்டார் என்பதை அவர் அளித்த வாக்குகளைக் கொண்டே கணித்துவிடலாம் என்றொரு கருத்து உண்டு. ஒவ்வொரு மசோதாவையும் அரசமைப்பின் பிரிவுகளோடு ஒப்பிட்டு, ‘ஏற்புடையது’, ‘முரணானது’ என வகைப்படுத்தி, உறுப்பினரின் வாக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்து மதிப்பெண் இடும் முறை அது. அமெரிக்காவில் பல அமைப்புகள் இத்தகைய மதிப்பெண் அட்டைகளை நெடுங்காலமாக வெளியிட்டுவருகின்றன. தில்லியில் அதே முறையைக் கையாள முனைபவர் மூன்று தடைகளை எதிர்கொள்வார். வாக்குப் பதிவு பெரும்பாலும் கிடைப்பதில்லை. கிடைக்கும் வாக்கும் உறுப்பினருடையதாக இருப்பதில்லை. அவருடையதாகவே இருந்தாலும், அதை அளக்கும் கோல் ஒன்றாக இல்லை.

முதல் தடை குரல் வாக்கெடுப்பு. அரசமைப்பின் 100ஆம் பிரிவு, அவையில் இருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மையால் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. யார் எப்படி வாக்களித்தார் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும் என்று அது கூறவில்லை. ஆகவே சாதாரணச் சட்டங்களில் பெரும்பாலானவை ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் ஒலியின் வலிமையைத் தலைவர் மதிப்பிடுவதாலேயே நிறைவேறுகின்றன. உறுப்பினர் பெயர் பதிவாகும் ‘டிவிஷன்’ வாக்கெடுப்பை யாரேனும் கோரினால்தான் நடத்துவார்கள். மக்களவை விதிகளின்படி, அந்தக் கோரிக்கை தேவையற்றது என்று சபாநாயகர் கருதினால், உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணி முடித்துவிடலாம்; அப்போதும் பெயர்கள் பதிவாகா. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு டிவிஷன் கேட்ட எதிர்க்கட்சியினரின் குரலை மீறி, அவை குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. நாட்டை ஓராண்டுக்கும் மேலாக உலுக்கி, 2021இல் திரும்பப் பெறப்பட்ட சட்டங்கள் அவை. அவற்றை மாநிலங்களவையில் ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார் என்பதற்குப் பெயர்வாரியான வாக்குப் பட்டியல் இல்லை.

368ஆம் பிரிவின்கீழ் வரும் அரசமைப்புத் திருத்தங்களின் நிலை வேறு. அவற்றுக்கு அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கும் தேவை என்பதால் எண்ணியே ஆக வேண்டும். எனவே ஆய்வாளருக்குக் கிடைக்கும் வாக்குப் பட்டியல் தொடக்கத்திலேயே கோணலானது. அரிதாக வரும் திருத்தங்கள் அதில் மிகுதி; அன்றாட வாழ்வை ஆளும் சட்டங்கள் அதில் குறைவு.

இரண்டாவது தடை பத்தாவது அட்டவணை. 1985இல் 52ஆவது திருத்தத்தின் வழியே வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவி பறிபோகலாம். முன் அனுமதி பெற்றிருந்தாலோ, பதினைந்து நாள்களுக்குள் கட்சி பொறுத்துக்கொண்டாலோ மட்டுமே விலக்கு. இந்தத் தண்டனை ஆட்சியின் உயிர்நிலையைத் தொடும் வாக்கெடுப்புகளோடு நிற்க வேண்டும் என்று 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. 1992இல் கிஹோடோ ஹோலோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அட்டவணையின் பெரும்பகுதியை உறுதிசெய்தபோதும், கொறடா ஆணையின் எல்லை சுருங்க வேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டது. 2010இல் மணீஷ் திவாரி அதே நோக்கில் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். சட்டம் மாறவில்லை. இந்நிலையில் ஓர் உறுப்பினரின் வாக்கை அவருடைய அரசமைப்புப் பற்றுக்குச் சான்றாகக் காட்டுவது, கையொப்பத்தைப் பார்த்துக் கடிதத்தை எழுதியவர் யார் என்று முடிவுகட்டுவதற்கு ஒப்பாகும்.

இவ்விரு தடைகளும் இல்லாத வாக்கெடுப்பு ஒன்றைக் கற்பனை செய்துகொண்டாலும் மூன்றாவது தடை நிற்கிறது. தமிழகத்தோடு நெருங்கிய தொடர்புடைய இரு திருத்தங்கள் அதை விளக்கும்.

முதலாவது, 1951ஆம் ஆண்டின் முதல் திருத்தம். அதன் வேர்களில் சில சென்னை மாகாணத்தில் இருந்தன. ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்கு மாகாண அரசு விதித்த தடையை ரொமேஷ் தாப்பர் வழக்கில் 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் செல்லாததாக்கியது. அடுத்த சில வாரங்களில் வந்த திருத்தம் இவ்விரண்டுக்கும் ஒருசேர விடை சொன்னது. 15(4) பிரிவைச் சேர்த்து இடஒதுக்கீட்டைக் காத்தது. 19(2) பிரிவில் ‘பொது ஒழுங்கு’ முதலான காரணங்களைச் சேர்த்துப் பேச்சுரிமையைச் சுருக்கியது. அதே இடத்தில் ‘நியாயமான’ என்னும் ஒரே சொல்லைச் சேர்த்து, அந்தச் சுருக்கத்தை நீதிமன்றம் அளந்து பார்க்க வழியும் விட்டது. ஒன்பதாவது அட்டவணையை உருவாக்கி, நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்கு நீதிமன்றத்திடமிருந்து காப்பளித்தது. அரசமைப்பை இயற்றிய அவையே இடைக்கால நாடாளுமன்றமாக இருந்து, 228க்கு 20 என்ற கணக்கில் அதை ஏற்றது.

அந்த 228 பேருக்கு ‘கறாரான’ அளவுகோல் என்ன மதிப்பெண் தரும்? மூலப் பாடத்தை மாறாமல் காப்பதே கொள்கை என்றால், அரசமைப்பை எழுதியவர்களே பதினாறு மாதங்களில் தோற்றவர்கள் ஆவார்கள். சமத்துவமே கொள்கை என்றால் வென்றவர்கள். பேச்சுரிமையே கொள்கை என்றால் மீண்டும் தோற்றவர்கள். ஒரே வாக்கு மூன்று வினாக்களுக்கு விடையாகும்போது அதற்கு ஒற்றை மதிப்பெண் பொருந்தாது.

இரண்டாவது, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு இடஒதுக்கீடு தந்த 103ஆவது திருத்தம். 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் அறிமுகமாகி, அன்றே 323க்கு 3 என்ற கணக்கில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையில் 165க்கு 7. மக்களவையில் மு. தம்பிதுரை அதை எதிர்த்துப் பேசினார். அதிமுகவினர் வெளிநடப்புச் செய்தனர். வாக்குப் பட்டியலில் எதிர்ப்பு மூன்று மட்டுமே. வெளியேறியவர்களின் எதிர்ப்பு அங்கே வெற்றிடமாக நிற்கிறது. மாநிலங்களவையில் மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கனிமொழி கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற பிளவுபட்ட தீர்ப்பில் திருத்தத்தை உறுதிசெய்தது; மாறுபட்ட இருவரில் ஒருவர் தலைமை நீதிபதி. ஐந்து நீதிபதிகளே ஒன்றுபடாத வினாவில், உறுப்பினரின் பெயருக்கு நேரே சரி, தவறு என்று குறியிட எவரிடம் கோல் இருக்கிறது?

இதனால் அரசமைப்பு அளவுகோலே வேண்டாம் என்றாகிவிடாது. அதைப் பொருத்த வேண்டிய இடம் வேறு. கொறடா கட்டுவது வாக்கை. 105ஆம் பிரிவு அவையில் பேச்சுச் சுதந்திரத்தை உறுப்பினருக்கு நேரடியாகவே தந்திருக்கிறது. எனவே கேட்க வேண்டிய வினாக்கள் இவை: மசோதா எந்த அடிப்படை உரிமையைத் தொடுகிறது என்பதை உறுப்பினர் அவையில் சொன்னாரா? திருத்தம் முன்மொழிந்தாரா? ஒரே நாளில் நிறைவேற்ற முனைந்தபோது குழுவுக்கு அனுப்பக் கோரினாரா? டிவிஷன் கேட்டாரா? தம் கட்சி ஆளும்போதும் அதே வினாக்களை எழுப்பினாரா? இவற்றுள் இறுதி வினாவே கடினமானது. கறார்த்தன்மைக்கு உண்மையான சோதனையும் அதுவே.

பேச்சைவிட வாக்குதானே சட்டமாகிறது, பேசிவிட்டு எதிராக வாக்களிப்பவருக்கு நற்சான்று ஏன் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அத்தகையவருக்கு முழு மதிப்பெண் தர வேண்டியதில்லை. ஆனால் அவைக்குறிப்பில் பதிவான காரணம் பின்னாளில் நீதிமன்றத்திலும் வாக்காளர் முன்னிலையிலும் எடுத்துக்காட்டத்தக்கது. காரணமற்ற வாக்கு ஓர் எண் மட்டுமே.

நாடாளுமன்றத்தைக் கண்காணிக்கும் பி.ஆர்.எஸ். போன்ற நிறுவனங்கள் உறுப்பினர்களின் வருகை, வினாக்கள், விவாதப் பங்கேற்பு, தனிநபர் மசோதாக்கள் ஆகியவற்றைத் தொகுத்துத் தருகின்றன. எத்தனை முறை பேசினார் என்பது அதில் தெரியும். என்ன காரணம் சொன்னார் என்பதை எவரேனும் படித்தே அறிய வேண்டும். அவைக்குறிப்புகள் பொதுவெளியில் இருக்கின்றன. அரசறிவியல், சட்டம், மொழியியல் மாணவர்கள் சேர்ந்து செய்யத்தக்க ஆய்வு இது. அதனோடு ஒரு கோரிக்கையும் எழ வேண்டும்: ஒவ்வொரு சட்டத்தின் இறுதி வாக்கெடுப்பும் பெயரோடு பதிவாக வேண்டும். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மின்னணு வாக்குப்பதிவு வசதி இருக்கிறது; 2024 டிசம்பரில் ‘ஒரே நாடு, ஒரே தேர்தல்’ மசோதாவின் அறிமுகத்தின்போதே 269க்கு 198 என எண்ணிக் காட்டினார்கள். கருவி இருக்கும்போது ஒலியின் வலிமையை நம்பிச் சட்டம் செய்ய வேண்டிய தேவை எதுவும் இல்லை.