கணினிக்கும் பெரட்டு வேண்டும்



தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் ‘பெரட்டு’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்பர். கங்காணி பெயர் பெயராக அழைப்பார். கிராணி பதிவேட்டில் குறித்துக்கொள்வார். யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை, யாருக்கு எந்த நிரை என்பது சில நிமிடங்களில் தெளிவாகிவிடும். கங்காணி அழைத்தால் மட்டும் போதாது. கிராணி எழுதினால்தான் மாதக் கடைசியில் சம்பளம்.

இந்தப் பழக்கத்தை நம் பள்ளிக் கணினிக் கூடத்திற்கும் கொண்டுவர வேண்டும் என்பதே என் கருத்து. கணினியைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்பதற்கு வினவல் ஆணைகள் உள்ளன. அவற்றையும் அவை தரும் விடைகளையும் தமிழில் எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. அதனால் கூடத்தைப் பற்றிய அறிவு ஆசிரியரோடு வந்து, அவர் மாற்றலாகும்போது அவரோடே போய்விடுகிறது.

என் சொந்தப் பட்டறிவையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய சிறிய பள்ளி ஒன்றில், கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட ஆசிரியர் மாற்றலாகிச் சென்றார். பழைய கணினிகள் ஒவ்வொன்றிலும் அவர் கியூஎமு என்னும் மென்பொருளை நிறுவியிருந்தார். கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலவே இயங்கும் ‘மெய்நிகர் பொறி’யை உருவாக்கித் தருவது அதன் வேலை. ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2003-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. அந்தப் பொறிக்குள் தமிழ்த் தட்டச்சும் பயிற்சிகளும் அடங்கிய லினக்ஸ் ஓடியது. பிள்ளைகள் எதை அழித்தாலும், சேமித்து வைத்த கோப்பைத் திரும்ப வைத்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும். அருமையான ஏற்பாடு! ஆனால், அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கப்படவில்லை.

பொறுப்பு என்னிடம் வந்தது. எல்லாப் பொறிகளும் ஒரே பொதுக் கோப்புறையை அடைய வேண்டும் என்பதற்காக, அவற்றைக் கூடத்தின் பிணையத்தோடு நேரடியாகப் பாலம் போட்டு இணைத்தேன். முதல் கணினி ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாவதைத் திறந்தவுடன் இரண்டும் திணறின. கம்பியை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், மழையைக்கூடக் குறை சொன்னேன். மூன்று வாரங்கள் வீணாயின. அத்தனை நாளும் பிள்ளைகளின் தட்டச்சுப் பயிற்சி கரும்பலகையில்தான் நடந்தது.

கடைசியில், கண்ட்ரோல், ஆல்ட், 2 ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் கியூஎமுவின் கண்காணிப்புத் திரை வரும் என்பதையும், அதில் ‘இன்ஃபோ நெட்வொர்க்’ என்று தட்டினால் பொறியில் உள்ள பிணையக் கருவிகளின் பட்டியல் கிடைக்கும் என்பதையும் கற்றுக்கொண்டேன். முதல் கணினியில் கேட்டேன். பிணைய அட்டையின் முகவரி 52:54:00:12:34:56 என்று வந்தது. தாளில் எழுதிக்கொண்டேன். இரண்டாவதில் கேட்டேன். அதே எண்! மூன்றாவதிலும் அதே எண்!

காரணம் எளிது. நாமாக முகவரி கொடுக்காவிட்டால், கியூஎமு தன் முதல் பிணைய அட்டைக்கு இந்த எண்ணையே கொடுத்துவிடும். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு பொறியும் தன் தாய்க்கணினியின் பின்னால் மறைந்திருப்பதால் இதனால் தொல்லை இல்லை. பாலம் போட்டு எல்லாவற்றையும் ஒரே பிணையத்தில் நிறுத்தும்போதுதான் மோதல் எழுகிறது. ஒரே பெயரும் ஒரே பிறப்புப் பத்திர எண்ணும் கொண்ட இரு மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்தால் பதிவேடு என்னவாகும்? அதே கதைதான். ஒவ்வொரு பொறிக்கும் கடைசி இரு இலக்கங்களை மாற்றிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மூன்று வாரம் எங்கே, அரை மணி நேரம் எங்கே? இடையில் இல்லாமற்போனது ஒரு பக்கக் குறிப்பு மட்டுமே. முன்னவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. எழுதி வைக்கும்படி அவரிடம் நாம் யாரும் கேட்கவில்லையே!

சரி, எப்படி எழுதுவது? இதற்குக் கியூஎமுவின் ஆவணத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 2013-இல் வெளிவந்த 1.6 பதிப்பில் ‘குவெரி-ஆர்எக்ஸ்-ஃபில்டர்’ என்ற வினவல் சேர்க்கப்பட்டது. எந்தெந்த முகவரிக்கு வரும் தகவலைப் பிணைய அட்டை ஏற்றுக்கொள்கிறது என்பதைச் சொல்லும் ஆணை அது. அதன் குறிப்பைப் பாருங்கள். அட்டையின் பெயரைக் கொடுத்தால் அந்த ஒன்றைப் பற்றி மட்டும் விடை வரும். கொடுக்காவிட்டால் எல்லா அட்டைகளைப் பற்றியும் வரும். விடையின் ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கம் உண்டு. எந்தப் பதிப்பிலிருந்து இது உள்ளது என்ற செய்தி உண்டு. மாதிரி விடை உண்டு. அந்தப் பெயரில் அட்டை இல்லாவிட்டாலும், அட்டை இவ்வசதியை ஏற்காவிட்டாலும் பிழைச்செய்தி வரும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

இதைப் பின்பற்றி, நம் பள்ளிக்கு ஓர் ஆணைக்கு ஐந்து குறிப்புகள் போதும்:

1. ஆணை, எழுத்துப் பிசகாமல்.
2. எப்போது அதைக் கேட்க வேண்டும்.
3. எல்லாம் நலமாக இருக்கும்போது கிடைத்த விடை.
4. அவ்விடையின் ஒவ்வொரு பகுதிக்கும் தமிழில் பொருள்.
5. எழுதிய நாள், மென்பொருளின் பதிப்பு, எழுதியவர் பெயர்.

இவற்றுள் மூன்றாவதுதான் முதன்மையானது. நலமான உடலின் சூடு எவ்வளவு என்று தெரியாத தாய், காய்ச்சலை எப்படி அறிவாள்? மற்றோர் எச்சரிக்கை: கடவுச்சொற்களை இந்த ஏட்டில் எழுதவே கூடாது.

“ஆங்கிலத்தில்தான் எல்லாம் இருக்கிறதே, தமிழில் எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். ஆங்கில ஆவணம் உலகப் பொதுவானது. நம் கூடத்தின் நான்காவது கணினிக்கு எந்த முகவரி என்று அது சொல்லாது. அதை நாம்தான் எழுத வேண்டும். நாம் எழுதுவதை அடுத்து வரும் ஆசிரியரும், உதவிக்கு வரும் பெற்றோரும், முன்னாள் மாணவரும் தடையின்றிப் படிக்க வேண்டும். அதே வேளையில், தமிழ்ப்பற்றினால் ஆணையையே மொழிபெயர்த்துவிடவும் கூடாது. கணினி அதை ஏற்காது. ஆணை உள்ளபடியே இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருக்கட்டும்.

“ஆசிரியருக்கு ஏற்கெனவே எழுத்துவேலை மலைபோல் உள்ளதே!” என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். நானும் அந்த மலையைச் சுமப்பவன்தான். ஆனால், மேலிடத்திற்கு அனுப்பும் அறிக்கையன்று இது. ஓர் ஆணைக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆசிரியர் எண்ணிக்கை குறைந்த சிறிய பள்ளியில், அந்தப் பத்து நிமிடத்தின் அருமை ஒருவர் மாற்றலாகும் நாளில்தான் தெரியும்.

நம் ஊர் வரலாறும் இதையே கூறுகிறது. 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த இரப்பர்க் கன்றுகளுள் ஒன்பதைக் கோலா கங்சாரில் ஹியூ லோ நடச் செய்தார். மரங்கள் வளர்ந்தன, ஆனால் தோட்டங்கள் உடனே பெருகிவிடவில்லை. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்திற்குக் கேடு வராமல் பால் எடுக்கும் முறையைச் சோதித்துப் பார்த்து எழுதிப் பரப்பினார். அந்த முறை மற்றவர் கைக்கு வந்த பிறகே இரப்பர்த் தொழில் வளர்ந்தது.

கணினித் தமிழிலும் நம் நாட்டுக்குப் பெருமை உண்டு. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. கணினியில் தமிழை எழுத வழிவகுத்தவர்கள் தங்கள் கடமையைச் செய்துவிட்டார்கள். அந்தத் தமிழில் கணினியைப் பற்றி எழுதுவது நம் கடமையல்லவா?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பள்ளிக்குக் கணினி வாங்கிக் கொடுக்கும்போது, கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் கணினிகள் எத்தனை என்று கேட்பதோடு நில்லாமல், அந்த ஏட்டில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்றும் கேளுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, நாளையே தொடங்குங்கள். முதல் பக்கத்தில் ஒரே ஓர் ஆணையும் அதன் விடையும் இருந்தால் போதும்.

அன்புடன்,
கோலா கங்சாரிலிருந்து ஓர் ஆசிரியர்