ஞாபகக் காளான்

ஜப்பானில் மலைக் காடுகளில் திரிந்து தவம் செய்யும் துறவிகளை 'யாமபுஷி' என்பார்கள். அவர்கள் மார்பில் அணியும் குஞ்சம் போலவே, மரத்தில் வெள்ளை வெளேரென்று தொங்குகிறது ஒரு காளான். பெயரும் 'யாமபுஷிதாக்கே'! (ஆங்கிலத்தில் இதற்குச் சிங்கப் பிடரி என்று பெயர்.)

நரம்பணு வளர்ச்சிக்கு வேண்டிய ஒரு புரதத்தை, சோதனைக் கூடத்தில் வளர்த்த உயிரணுக்கள் கூடுதலாகச் சுரக்கும்படி இதிலுள்ள சில பொருள்கள் தூண்டுவதை, 1991-ல் கவாகிஷி என்ற ஜப்பானிய விஞ்ஞானி வெளியிட்டார். 2023-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து சர்வகலாசாலையார் எலிகளுக்கு இதன் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் ஞாபக சக்தி கூடியது.

எலி கிடக்கட்டும், மனிதர் சங்கதி என்ன என்கிறீர்களா?

2009-ல் வெளியான ஜப்பானியப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. லேசான மறதி உள்ளவர்கள் 30 பேர். வயது 50 முதல் 80 வரை. பாதிப் பேருக்குக் காளான் மாத்திரை, தினம் பன்னிரண்டு! மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. எட்டாவது வாரத்திலேயே காளான் கோஷ்டி ஞாபகப் பரீட்சையில் முந்திக்கொண்டது. பதினாறாவது வாரம் வரை முன்னேற்றந்தான்.

விளம்பரக்காரர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். மாத்திரையை விட்டு நான்கே வாரம். ஏறிய மார்க்கு இறங்கிவிட்டது!